குரக்கன் முளையும் பார்லி மோல்ட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புளிக்க வைப்பது, முளைகட்டுவது, பியர் என்று ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): லண்டனில் இருக்கும் என் அண்ணா வீட்டுச் சமையலறையில் பார்லி மோல்ட்டிலிருந்து, அதாவது முளைக்கட்டிக் காயவைத்த பார்லியிலிருந்து, நேராகப் பியர் செய்யப் பழகுகிறார். ஒரு தடவைக்கு நாலு, அஞ்சு லீற்றர்தான். முதலில் செய்தது தண்ணீர் மாதிரி மெல்லிசாக வந்ததாம், அடுத்தது கனத்துப்போய்த் தித்தித்ததாம். வீடியோ கோலில் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. மோல்ட், ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புக் கொடுக்கிற கொடியின் பூ) எல்லாம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இங்கே செய்யலாமா?

பதில்: தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. விற்கவில்லை, நாலு லீற்றர்தான், நானே குடிக்கத்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிற வேலையை இங்கே தொடாதீர்கள், அண்ணாவிடம் எதுவும் அனுப்பவும் சொல்லாதீர்கள். அவருடைய நிலைமை வேறு. பிரிட்டனில் வீட்டுப் பாவனைக்குப் பியர் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1963இலேயே நீங்கிவிட்டது, விற்காத வரைக்கும் அவர் தாராளமாகப் பழகலாம். இந்தப் பதிலின் மீதி அவருக்குத்தான், வாசித்துக் காட்டுங்கள்.

அவருடைய இரண்டு பியரிலும் கோளாறு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: ஊறவைத்த தண்ணீரின் சூடு. பார்லி முளைக்கும்போது அதற்குள் மாப்பொருளை உடைக்கிற நொதியங்கள் உருவாகின்றன. உடைத்த மோல்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவிடும் அந்த ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்வது அவைதான், நாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்கள். முக்கியமாக இரண்டு. ஒன்று 62, 63 பாகையில் சுறுசுறுப்பாக இருக்கும், மாவை ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சின்னச் சீனியாக நறுக்கித் தள்ளும். மற்றது 70 பாகைப் பக்கம் நன்றாக ஓடும், ஆனால் ஈஸ்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கும். சூடு குறைந்த பக்கம் போனால் சீனி எல்லாம் மதுவாக மாறிப் பியர் வெறுமையாகிவிடும், கூடின பக்கம் போனால் கனமும் இனிப்பும் அடியில் தங்கிவிடும். அதே மோல்ட், அதே பானை, ஐந்தாறு பாகை வித்தியாசத்தில் இரண்டு வேறு பியர். நடுவில் 66, 67இல் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள்.

சமையலறை அளவுக்குக் கணக்கு இப்படி வரும். ஒரு கிலோ வெளிர் மோல்ட், உடைத்தது. ஏழரை லீற்றர் தண்ணீரை 70 பாகைக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, மெல்லிய துணிப்பையில் மோல்ட்டைப் போட்டு அதற்குள் இறக்கி, கட்டி இல்லாமல் கிளறினால் சூடு தானாகவே 67க்கு வந்து நிற்கும். பானையைத் தடித்த போர்வையால் சுற்றி ஒரு மணித்தியாலம் வைக்கலாம். முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, பக்கத்தில் மருந்துக்கடை அயடீன் ஒரு சொட்டு விட்டு, ஈர்க்குச்சியால் இரண்டையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடம் கருநீலமாக மாறினால் மாவு இன்னும் மிச்சம் இருக்கிறது, மஞ்சள் கலந்த மண்ணிறமாகவே நின்றால் எல்லாம் சீனியாகிவிட்டது. அந்தத் தட்டைக் கழுவி ஊற்றிவிட வேண்டும், பானைக்குள் திரும்பப் போகக் கூடாது.

அப்புறம் பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றைக் கொதிக்கவைத்து, அவர் பக்கத்து ஹொப்ஸில் கென்ட் கோல்டிங்ஸ் மாதிரி மிதமான ஒன்றில் பத்துக் கிராம் போட்டு ஒரு மணித்தியாலம் காய்ச்சினால் நாலரை லீற்றர் அளவு மிஞ்சும். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதற்குள் பானையை இறக்கி 20 பாகைக்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஈஸ்ட். ஒரு பைக்கற்றில் பாதி போதும். கொதி நின்ற பிறகு சாற்றில் படுகிற எல்லாம், கரண்டி, குழாய், போத்தல், மூடி எல்லாம், கழுவினால் போதாது, கிருமி நீக்கியிருக்க வேண்டும். 18இலிருந்து 20 பாகைக்குள் இரண்டு வாரம் விட்டுவிட்டு, அடர்த்திமானியில் (சாற்றில் சீனி எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கருவி) இரண்டு மூன்று நாள் ஒரே எண் நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம். போத்தலுக்குள் வாயு உண்டாக லீற்றருக்கு ஆறு கிராம் சீனி, அதற்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். இந்த வேலையில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி ஈஸ்ட் போடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதைக் குரக்கனை வைத்து நம் அடுப்பிலேயே படிக்கலாம், கீழே லிந்துலை அக்காவுக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கேள்வி (நுவரெலியா வாசகி): ஸ்ட்ரோபெரி ஜேம் செய்ய வெப்பமானி வாங்கினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 94 காட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். பழுதுதானே?

பதில்: பழுதில்லை, கடைக்காரரை விட்டுவிடுங்கள். நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96 அளவில் கொதிக்கும், கண்டியில் 98. உங்கள் ஊரில் பருப்பு அவியச் சுணங்குவதும் இதனால்தான். வெப்பமானியைச் சோதிக்க வேண்டுமென்றால் நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வையுங்கள், பூச்சியம் காட்டினால் நல்ல சாமான். அது எந்த உயரத்திலும் மாறாது.

ஜேமுக்குப் புத்தகத்தில் 105 பாகை என்று போட்டிருந்தால் அது கடலோரத்துக் கணக்கு, அதாவது தண்ணீரின் கொதிநிலைக்கு மேலே நாலரை ஐந்து பாகை. உங்கள் அடுப்பில் 99 வந்தாலே ஜேம் பதம். 105 வரும் வரை கிளறிக்கொண்டிருந்தால் கரி வாசம்தான் வரும்.

பியருக்கும் இதே கதைதான், மலைப் பிரதேசங்களில் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம். மோல்ட் ஊறுகிற 67 பாகைக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஹொப்ஸின் கசப்பு இறங்குவது கொதிக்கிற சூட்டைப் பொறுத்தது, 94இல் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஒரு மணித்தியாலத்துக்குப் பதில் ஒன்றரை மணித்தியாலம் கொதிக்க விடுவார்கள், இல்லையென்றால் ஹொப்ஸைக் கூட்டுவார்கள்.

கேள்வி (அதே வாசகியின் மகன்): எங்கள் ஊரில் பெரிய பியர் ஆலை இருந்ததாமே, ஏன் இங்கே?

பதில்: ஆமாம், 1881இல் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1848இல் நுவரெலியாவுக்கு வந்து பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே பியர் காய்ச்சியிருக்கிறார். குளிரூட்டும் இயந்திரம் பரவலாக இல்லாத காலத்தில் தண்ணீரும் குளிரும் கிடைத்த இடத்துக்குத்தான் ஆலை போக வேண்டும், இரண்டும் அங்கே சும்மா கிடைத்தன. குளிரூட்டி வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. 1990களின் கடைசியில் உற்பத்தி பியகமவுக்குப் போய்விட்டது.

கேள்வி (லிந்துலை வாசகி): என் அம்மம்மா குரக்கனை முளைக்கட்டி மா இடித்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைப்பார். இப்போது பேத்திக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. செய்யும் முறையைச் சொல்லுங்கள். பனி நாளில் முளைத்த குரக்கனில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

பதில்: அக்கா, நீங்கள் கேட்பதும் மோல்ட்தான். நேபாளத்தில் இதே குரக்கனில்தான் சாங் என்ற பானம் செய்கிறார்கள், உகண்டாவிலும் சிம்பாப்வேயிலும் கிராமத்துப் பியருக்கு இதுவே தானியம். சிறு தானியங்களுக்குள் முளையில் நல்ல பலமுள்ளது குரக்கன்.

கல் மண் போக அரித்து, நன்றாகக் கழுவி, ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு ஈரத் துணியில் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறிப் புளித்த வாடை வரும். காலையும் மாலையும் மூட்டையை அவிழ்த்து ஒரு தண்ணீரில் அலசி, வடித்து, கையால் உதிர்த்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். உங்கள் குளிரில் மூன்று நாள்கூட எடுக்கும். வெள்ளை வேர் தானியத்தின் நீளத்துக்கு மேல் ஒன்றிரண்டு மடங்கு வந்தால் போதும். பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் முளைக்கும்போது இல்லை, காயப்போடும்போதுதான். மூடுபனியில் முற்றத்தில் போட்டு இரண்டு நாள் காய்ந்தும் காயாமலும் கிடந்தால் கட்டாயம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே தட்டுக் கட்டி சுளகில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள், கை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. ஈரத்தோடு சுட்டுவிட்டால் நொதியம் செத்துவிடும். பஞ்சு மாதிரி மயிர் படர்ந்ததோ, பச்சை கறுப்புப் புள்ளி விழுந்ததோ இருந்தால் அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள், கழுவிப் பார்க்க வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கிற சாமான். காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து வேரை ஊதிவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எல்லோரையும் ஒரு தடவையாவது செய்து பார்க்கச் சொல்லுகிற காரியம். முளைக்கட்டாத சாதாரண மாவில் கரண்டி நிமிர்ந்து நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். இறக்கி வைத்து 65 பாகை வரை ஆறவிடுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி முளை மாவைத் தூவிக் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் கரண்டி இலேசாகச் சுற்றத் தொடங்கும், பத்து நிமிடத்துக்குள் அந்தக் கெட்டிக் கஞ்சி ஊற்றினால் ஓடுகிற பதத்துக்கு இளகிவிடும், நாக்கில் வைத்தால் சீனி போடாமலே இனிப்புத் தெரியும். லண்டன் அண்ணாவின் போர்வை சுற்றிய பானைக்குள் நடப்பதும் இதுதான். குழந்தைக்கு இதில் பெரிய பலன் இருக்கிறது: சின்ன வயிறு கொஞ்சம்தான் கொள்ளும், தண்ணீர் கூட்டி இளக்கிய கஞ்சியில் சத்துக் குறைந்துவிடும், முளை மாவால் இளகிய கஞ்சியில் போட்ட மாவு அவ்வளவும் அப்படியே உள்ளே இருக்கும். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி கொதிக்கவைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். செய்த அன்றே முடித்துவிடுங்கள்.

பண்டாரவளைத் தம்பிக்கும் நான் சொல்லுவது இந்தக் கஞ்சியைத்தான். 60இல் ஒன்று, 65இல் ஒன்று, 75இல் ஒன்று என்று மூன்று கிண்ணத்தில் செய்து பார்த்தால் எது எவ்வளவு வேகமாக இளகுகிறது, எது இனிக்கிறது என்று கையிலும் நாக்கிலும் தெரிந்துவிடும்.

கேள்வி (தலவாக்கலை வாசகி): பியர் வீட்டில் செய்தால் கசிப்பு மாதிரிக் கண் போய்விடாதா? எங்கள் லயத்தில் இரண்டு வீடு கசிப்பால் நாசமாகிப் போனது. இப்படி எழுதுவது சரியா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். தானியத்தைப் புளிக்க வைத்த பியரில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் மிக மிகச் சொற்பம், கண்ணைக் கெடுக்கிற அளவு வராது. கண் போவதும் உயிர் போவதும் கைத்தொழிலுக்கு வைத்திருக்கிற மெதனோலைக் கலந்து விற்கிற சாராயத்தால். கசிப்புக்காகப் புளிக்க வைத்த கோடாவைக் காய்ச்சி வடிப்பதில் தீ ஆபத்தும் உண்டு, என்னென்ன போட்டுப் புளிக்க வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கலப்படச் சாராயம் குடித்த ஒருவருக்குப் பார்வை மங்கினால், வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்.

ஆனால் மெதனோல் இல்லாத மதுவும் வீட்டைக் கெடுக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சம்பளம் எங்கே போகிறது, பிள்ளைகள் இரவில் எப்படித் தூங்குகிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் இங்குள்ள யாருக்கும் மதுவுக்காக ஈஸ்ட் போடும்படி நான் சொல்லவில்லை.

கேள்வி (ஹட்டன் வாசகர்): வீட்டில் செய்த இஞ்சி பியர் போத்தல் அலுமாரிக்குள் வெடித்துவிட்டது. ஏன்?

பதில்: ஈஸ்டும் சீனியும் உள்ளே, வாயு வெளியேற வழி இல்லை. கண்ணாடிப் போத்தலை, அதிலும் வாயுப் பானத்துக்கு ஆகாத சாராயப் போத்தல், ஜேம் போத்தல் வகைகளை, எடுக்கவே வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, மூன்று விரல் இடம் விட்டு மூடுங்கள். விரலால் அமுக்கினால் உள்ளே போகாத அளவுக்கு விறைத்துவிட்டால் உடனே பிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் குடித்து முடியுங்கள். வெளியில் வைத்திருக்க வைத்திருக்க அதுவும் மதுவாகிக்கொண்டே போகும், பிள்ளைகள் குடிக்கிற வீட்டில் அதைக் கவனமாகப் பாருங்கள். ஈஸ்ட்டே வேண்டாம் என்றால் இஞ்சியும் சீனியும் காய்ச்சிய பாணியை வைத்துக்கொண்டு சோடாவில் கலந்து தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம், ருசியில் பெரிய குறை இல்லை.

கேள்வி (வெலிமடை வாசகர்): எங்கள் குளிருக்கு ஹொப்ஸ் கொடி வளருமா? தோட்டத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

பதில்: கொடி வளரக்கூடும், பூ ஒழுங்காக வராது. அதற்கு வேண்டியது குளிர் மட்டுமில்லை, கோடையில் பதினைந்து பதினாறு மணித்தியாலப் பகல். இங்கிலாந்தில், ஜேர்மனியில் அது கிடைக்கிறது. நமக்கு வருசம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சுற்றித்தான் பகல், மலையில் ஏறினாலும் அது கூடாது. வெளிநாட்டிலிருந்து வேரோ தண்டோ பையில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும், ஒரு வேரில் ஒட்டி வருகிற நோய் உங்கள் ஊர் உருளைக்கிழங்கு, போஞ்சி எல்லாவற்றுக்கும் ஆபத்தாக முடியலாம். ஆசைக்கு ஒரு கொடி வேண்டுமென்றால் சௌ சௌ பந்தல் போடுங்கள், வெலிமடையில் அது காய்த்துத் தள்ளும்.