பிரெஞ்சு வீரக் காதல் காவியங்கள் ஆர்தர் மன்னர் கதையிலிருந்துதான் பிறந்தனவா?

இல்லை, ஆர்தர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். முதலில் பார்க்க வேண்டியது ட்ராய், தீப்ஸ் என்ற பழங்கால நகரங்களின் கதைகளை.

1100 வாக்கில் பிரான்சில் கொடிகட்டிப் பறந்தவை, ரோலாண்ட் என்ற வீரனைப் பற்றிய 'ரோலாண்டின் பாடல்' மாதிரியான போர்ப்பாட்டுகள். ராஜ விசுவாசம், துரோகம், வெட்டு, குத்து. ரோலாண்டுக்கு நிச்சயித்த பெண்ணாக ஓட் என்று ஒருத்தி வருகிறாள், அவன் இறந்த செய்தி கேட்டதும் அவளும் விழுந்து உயிரை விடுகிறாள், சில வரிகளிலேயே அவள் கதை முடிந்துவிடுகிறது.

1150-க்குப் பிறகு காற்று மாறுகிறது. திருச்சபைப் பள்ளிகளில் லத்தீன் படித்தவர்கள், அந்த மொழி தெரியாத அரண்மனைக்காரர்களுக்காகப் பழைய லத்தீன் கதைகளைப் பிரெஞ்சுச் செய்யுளில் எழுத ஆரம்பித்தார்கள். தீப்ஸ், ஏனியாஸ், ட்ராய் மூன்றும் அப்படி வந்தவைதான். இதில், ட்ராயிலிருந்து தப்பி இத்தாலிக்கு வந்த வீரன் ஏனியாஸின் கதையைக் கவனியுங்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய மூலத்தில், அவன் மணக்கப்போகும் இளவரசி லவினியா வாயே திறப்பதில்லை. பெயர் தெரியாத பிரெஞ்சுக் கவிஞரோ அவளைக் கோட்டை ஜன்னலில் நிறுத்தி, ஏனியாஸைப் பார்க்க வைத்து, தூக்கம் கெட வைத்து, பக்கம் பக்கமாகத் தனக்குத்தானே வாதாட விடுகிறார், கடைசியில் அவள் காதல் கடிதத்தை அம்பில் சுற்றி எய்யச் சொல்கிறாள்! அந்தப் புலம்பலில், காதலைப் பாடிய ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் வாசனை தூக்கல். என் கணக்கில் இந்த இலக்கியம் பிறந்தது அந்த ஜன்னலில்தான்.

ஆர்தருக்கு வருவோம். மான்மவுத் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய, ஆர்தரும் இடம்பெறும் பிரிட்டன் மன்னர்கள் வரலாற்றை 1155-ல் வாஸ் என்ற கவிஞர் பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். ஆர்தரின் வீரர்கள் கூடி உட்காரும் வட்ட மேசை முதலில் தலைகாட்டுவது அதில்தான். பிரெட்டன் கதைசொல்லிகள் வாய்மொழியாகப் பரப்பிய கெல்டியக் கதைகளும், தெற்கே ட்ரூபடூர்கள் என்ற கவிஞர்-பாடகர்கள் பாடிய காதலும் கூடச் சேர, 1170 வாக்கில் க்ரெத்தியான் த த்ருவா என்ற கவிஞர் 'எரெக்' என்ற ஆர்தர் காலக் காதல் காவியத்தை எழுதுகிறார்.

அப்புறம், எல்லாப் பெருமையையும் அக்விடேன் எலினோர் ராணிக்கே கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, அவர் ஆதரவுக்கான சான்றுகள் பெரும்பாலும் ஊகம். அவர் மகள் ஷாம்பேன் மரியின் விஷயம் வேறு: ஆர்தரின் வீரன் லான்சலாட் பற்றிய கதையின் பொருளும் போக்கும் அவர் தந்ததே என்று க்ரெத்தியானே முன்னுரையில் சொல்கிறார். ஆனால் அதை க்ரெத்தியான் முடிக்கவில்லை, கடைசிப் பகுதியை எழுதியவர் கோத்ஃப்ருவா என்ற இன்னொருவர்.