‘இம்போர்ட் ஆகிவிட்டது’ என்று வந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கையில் எக்செல் ஃபைல் இருக்கிறது, ஜேசன் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதிய டேட்டா ஃபைல்) இருக்கிறது, அதை மாங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்குள் கொண்டுபோவது எப்படி என்றுதான் இந்த முறை வந்த பல கடிதங்கள் கேட்கின்றன. அதனால் இந்த இதழ் பகுதி முழுக்க, ஃபைலை உள்ளே ஏற்றும் மாங்கோஇம்போர்ட் என்ற ஒரே கருவிக்கு. கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கு முன்னாலும் இரண்டு சிறு கோடுகள் உண்டு, அதை ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை.

கேள்வி: விண்டோஸில் மாங்கோடிபி நிறுவினேன். சர்வர் நன்றாக ஓடுகிறது. ஆனால் மாங்கோஇம்போர்ட் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. சரி என்று மாங்கோஷ் திறந்து அதற்குள் அடித்தால் சின்டாக்ஸ் எரர். எங்கேதான் அடிப்பது?

பதில்: இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 2020இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து இம்போர்ட், எக்ஸ்போர்ட், டம்ப் கருவிகளைச் சர்வரிலிருந்து பிரித்து ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ என்று தனித் தொகுப்பாக்கிவிட்டார்கள், அதன் பதிப்பு எண்ணும் 100இல் தொடங்கித் தனியாக ஓடுகிறது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அப்போது சர்வரை நிறுவினால் எல்லாமே கூடவே வந்துவிடும். டூல்ஸைத் தனியாக இறக்கி நிறுவுங்கள், அது உட்காரும் ஃபோல்டரை (வழக்கமாக புரோகிராம் ஃபைல்ஸ், மாங்கோடிபி, டூல்ஸ், 100, பின் என்று போகும்) பாத் பட்டியலில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேருங்கள், அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். திறந்திருந்த பழைய ஜன்னலுக்குப் புதிய பாத் தெரியாது.

மாங்கோஷ் விஷயம் எளிது. அது மாங்கோடிபியோடு பேச ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் இடம். மாங்கோஇம்போர்ட் தனி புரோகிராம், சாதாரண டெர்மினலில்தான் ஓடும். டேட்டாபேஸ் பெயருக்கு ‘டிபி’, டாக்குமெண்ட் எனும் பதிவுகள் அடங்கும் கலெக்‌ஷன் பெயருக்கு ‘கலெக்‌ஷன்’, ஃபைலுக்கு ‘ஃபைல்’, சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல் ஃபைல்) என்றால் ‘டைப்’, முதல் வரி தலைப்பு வரியாக இருந்தால் ‘ஹெட்டர்லைன்’, இவ்வளவு கொடுத்தால் வேலை நடக்கும். டேட்டாபேஸ் பெயரைக் கொடுக்க மறந்தால் டெஸ்ட் என்ற டேட்டாபேஸுக்குள் போய் விழும், கலெக்‌ஷன் பெயரை மறந்தால் ஃபைலின் பெயரையே எடுத்துக்கொள்ளும். ‘ஏற்றினேன், காணோம்’ என்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்து உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வியாக்கி ஏற்றினேன். ஒரு வரிகூடத் தோல்வியடையவில்லை என்று செய்தி வந்தது. ஆனால் 044 என்று இருந்த சென்னை எஸ்டிடி கோடு 44 ஆகிவிட்டது. சேர்ந்த தேதி வாரியாக அடுக்கினால் வருடமே பார்க்காமல் நாளை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் நம்பி ஏமாறும் இடம் இதுதான். ‘இத்தனை டாக்குமெண்ட் வெற்றிகரமாக ஏறியது’ என்ற அந்தக் கடைசி வரி, வரிகள் உள்ளே போனதை மட்டும்தான் சொல்கிறது. என்ன வகையாகப் போனது என்பதைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை.

சிஎஸ்வியில் எல்லாமே வெறும் எழுத்துதான், வகை என்ற தகவல் அதில் எங்கேயும் கிடையாது. எனவே கருவி ஊகிக்கிறது: எண் மாதிரி இருந்தால் எண், இல்லையென்றால் எழுத்து. தேதியை அது தேதியாக ஊகிக்கவே ஊகிக்காது, எழுத்தாகவே வைத்துவிடும். மாங்கோடிபிக்காரர்கள் பயிற்சிக்குத் தரும் அமெரிக்க ஜிப் கோடு ஃபைலைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அகவம் என்ற ஊருக்கு 01001 என்று கோடு, மக்கள்தொகை 15338. அந்த ஜேசனில் மக்கள்தொகை எண்ணாக இருக்கிறது, ஜிப் கோடு மேற்கோள் குறிக்குள் எழுத்தாக இருக்கிறது. காரணமாகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதையே சிஎஸ்வியாக்கி அப்படியே ஏற்றினால் அகவம் 1001 ஆகிவிடும். சிஎஸ்வியில் மேற்கோள் குறி போட்டால் காப்பாற்றலாமே என்று தோன்றும், காப்பாற்றாது. சிஎஸ்வியில் அந்தக் குறி கமா போன்றவற்றை மறைப்பதற்கு மட்டும்தான், படிக்கும்போதே உரித்துப் போட்டுவிடும்.

தீர்வு, ‘காலம்ஸ்ஹேவ்டைப்ஸ்’ என்ற ஆப்ஷன். தலைப்பு வரியில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் புள்ளி வைத்து வகையை எழுத வேண்டும்: பெயர்.ஸ்டிரிங்(), எஸ்டிடி.ஸ்டிரிங்(), சந்தா.டெசிமல்(), சேர்ந்தநாள்.டேட்(02/01/2006). போன் நம்பர், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாமே ஸ்டிரிங்தான், அதாவது எழுத்து. கூட்டிக் கழிக்கப் போகாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். பணத்துக்கு டபுள் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) வேண்டாம், டெசிமல் (துல்லியமான தசம எண்) போடுங்கள், பைசாக் கணக்கு பிசகாது.

இப்போது அந்த 02/01/2006 என்ன என்று கேட்பீர்கள். இந்தக் கருவி கோ மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியில் தேதி வடிவத்தைச் சொல்ல ஒரு குறிப்பிட்ட நேரத்தையே மாதிரியாக எழுதிக் காட்ட வேண்டும்: 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி. மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, வருடம் 6 என்று வரிசை வைத்தால் மறக்காது. நம் ஊர்ப் பழக்கப்படி நாள் முதலில் என்றால் 02/01/2006. இதைத் தவறுதலாக 01/02/2006 என்று எழுதினால் மாதம் முதலில் என்று அர்த்தமாகிவிடும், அப்போது ஏப்ரல் 5ஆம் தேதி சேர்ந்தவர் மே 4ஆம் தேதி சேர்ந்தவராக எந்தச் சத்தமும் இல்லாமல் மாறிவிடுவார். நாள் 12ஐத் தாண்டும் வரிகளில் மட்டும்தான் பிழை வரும், அதுவே உங்களுக்கு அடையாளம். அப்படிப் பிழை வந்தால் ‘பார்ஸ்கிரேஸ்’ ஆப்ஷனில் ஸ்கிப்ரோ கொடுத்து அந்த வரிகளைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. இயல்பாக அது நின்றுவிடும், நிற்பதுதான் நல்லது. மாதிரித் தேதியில் நேர மண்டலம் இல்லையென்றால் யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகப் பதிவாகும், அதாவது நம் நேரப்படி காலை 5.30, திரையில் காட்டும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலியாக விட்ட கட்டங்கள் இருந்தால் ‘இக்னோர்பிளாங்க்ஸ்’ சேருங்கள், டாக்குமெண்ட்டில் அந்த ஃபீல்டே (தலைப்பும் மதிப்பும்) வராது.

ஏற்றி முடித்ததும் மாங்கோஷில் எஸ்டிடி ஃபீல்டு ஸ்டிரிங்காக இல்லாத டாக்குமெண்ட் எத்தனை என்று, வகையைப் பார்க்கும் டைப் ஆபரேட்டர் வைத்து எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். அப்புறம் இன்னொன்று, ஏற்றுவதற்கு முன்பே சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்திருந்தால் பூஜ்யத்தைத் தின்றது எக்செல்லாகக்கூட இருக்கலாம். நோட்பேடில் திறந்து 044 என்றே இருக்கிறதா பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: ஜேசன் ஃபைல் ஏற மறுக்கிறது. அர்ரேயை டீகோட் செய்ய முடியவில்லை என்கிறது. ஃபைலில் தவறே இல்லை, சரிபார்த்துவிட்டேன்.

பதில்: ஃபைல் சதுர அடைப்புக்குறியில் தொடங்குகிறது, அதாவது எல்லாம் ஒரே பட்டியலாக (அர்ரே) இருக்கிறது, இல்லையா? ‘ஜேசன்அர்ரே’ ஆப்ஷனைச் சேருங்கள், போய்விடும். கருவி இயல்பாக எதிர்பார்ப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனி டாக்குமெண்ட்டுகளை. ஃபைல் மிகப் பெரியது என்றால் ஜேக்யூ என்ற கருவியால் அர்ரேயைப் பிரித்து வரிக்கு ஒன்றாக்கி, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் வழி) வழியாக நேரே மாங்கோஇம்போர்ட்டுக்குத் தள்ளுங்கள், ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால் அது பைப்பிலிருந்து படித்துக்கொள்ளும். எப்படியானாலும் ஒரு டாக்குமெண்ட் 16 எம்பியைத் தாண்டக்கூடாது.

கேள்வி: ஒரே ஃபைலை இரண்டு முறை ஓட்டிவிட்டேன், எல்லாம் இரட்டிப்பாகிவிட்டது. இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க?

பதில்: உங்கள் ஃபைலில் ஐடி ஃபீல்டு இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் புதிய ஐடி போட்டுப் புதிய ஆளாகவே சேர்த்துக்கொள்கிறது. பரிசோதனை டேட்டாபேஸ் என்றால் ‘டிராப்’ போடுங்கள், பழைய கலெக்‌ஷனைத் தூக்கிவிட்டு ஏற்றும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களும் சேர்ந்தே போகும், உயிருள்ள டேட்டாவில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அங்கே ‘மோட்’ ஆப்ஷன்தான் வழி. உறுப்பினர் எண் மாதிரி ஒரு ஃபீல்டை ‘அப்சர்ட்ஃபீல்ட்ஸ்’ என்று சொல்லிவிட்டால் அதே எண் உள்ளவரைத் தேடிப் பார்த்து, இருந்தால் மாற்றும், இல்லையென்றால் சேர்க்கும். இதில் இரண்டு வகை உண்டு: அப்சர்ட் என்றால் பழைய டாக்குமெண்ட்டை முழுசாக எடுத்துவிட்டு ஃபைலில் உள்ளதை வைக்கும், மெர்ஜ் என்றால் ஃபைலில் இல்லாத பழைய ஃபீல்டுகளை விட்டுவைக்கும். நீங்கள் பிறகு கையால் சேர்த்த குறிப்புகள் எல்லாம் தப்ப வேண்டுமானால் மெர்ஜ். முதலில் அந்த எண்ணுக்கு, ஒரே எண்ணை இரண்டு முறை வரவிடாத யுனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் கலெக்‌ஷன் முழுவதையும் தேடும், இரவு முழுக்க ஓடினாலும் ஆச்சரியமில்லை.

கேள்வி: பழைய டிடிபி சென்டரிலிருந்து வாங்கிய நூல் பட்டியலை ஏற்றினேன். பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. வேறு ஒரு ஃபைலில் வெறும் கேள்விக்குறிகள். தமிழை மாங்கோடிபி ஏற்காதா?

பதில்: தாராளமாக ஏற்கும். மாங்கோஇம்போர்ட்டுக்கு யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை ஃபைலில் எழுதும் முறை) மட்டுமே தெரியும், அவ்வளவுதான். கேள்விக்குறி வந்த ஃபைல், எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தது. அதில் தமிழ் அழிந்தே போய்விட்டது, மூல எக்செல்லுக்குத் திரும்பிப் போய் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமியுங்கள்.

ஆங்கில எழுத்து வந்தது பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்ற சொல் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். கருவியின் கண்ணுக்கு அது ஒழுங்கான ஆங்கிலம், அதனால் எந்தப் பிழையும் சொல்லாமல் ஏற்றிவிடும். முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஆனால் டேட்டாபேஸுக்கு வேறு வேறு, ஒன்றை அடித்துத் தேடினால் மற்றது கிடைக்காது. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூல் வைத்து எல்லாவற்றையும் என்எஃப்சி (இரண்டாகப் பிரிந்ததை ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஏற்றுங்கள். பழைய தமிழ்ப் பட்டியல்கள் தேடக் கிடைக்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், இந்த ஒரு படியைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதலாமா?

பதில்: வேண்டாம். டெர்மினலில் அடித்த கட்டளைகளைச் சேமித்து வைக்கும் ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். பயனர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை விட்டுவிட்டால் அதுவே கேட்கும். இரவில் தானாக ஓட வேண்டிய வேலை என்றால் பாஸ்வேர்டை ஒரு யாமல் ஃபைலில் (அமைப்புகளை எழுதும் எளிய எழுத்து ஃபைல்) வைத்து, அந்த ஃபைலை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்து, ‘கான்ஃபிக்’ ஆப்ஷனில் காட்டுங்கள். பயனரை அட்மின் டேட்டாபேஸில் உருவாக்கியிருந்தால் ‘ஆத்தென்டிகேஷன்டேட்டாபேஸ்’ அட்மின் என்றும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்து இம்போர்ட் செய்தால் போதுமா?

பதில்: அதற்கு இந்தக் கருவி இல்லை. சிஎஸ்வியாக வெளியே எடுக்கும்போதே வகைகள் எல்லாம் போய்விடும், பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாங்கோடம்ப் போட்டு எடுங்கள், மாங்கோரீஸ்டோர் போட்டு ஏற்றுங்கள். அது மாங்கோடிபி உள்ளே பயன்படுத்தும் பீசன் வடிவத்திலேயே எடுப்பதால் தேதி தேதியாகவும் டெசிமல் டெசிமலாகவும் போகும், இண்டெக்ஸ்களையும் திரும்பக் கட்டிக்கொடுக்கும். புதிய சர்வரில் ஒவ்வொரு கலெக்‌ஷனையும் எண்ணிப் பார்த்து ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு பழைய சர்வரை நிறுத்துங்கள்.