எத்தனை கிலோவுக்குக் கீழே போனால் அனோரெக்ஸியாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்?

கேள்வியில் நீங்கள் சொன்னதன் சுருக்கம்: இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். 15 வயது மகள் சில மாதங்களில் வெகுவாக இளைத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே அழுகிறாள். ஜிபியோ (குடும்ப மருத்துவர்) எடையைப் பார்த்துவிட்டு, "நார்மலில்தான் இருக்கிறாள், சேர்க்கும் அளவுக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

நான் இங்கே குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அனோரெக்ஸியா என்ற, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்க்கு அப்படி ஒரு கிலோ கணக்கு கிடையாது. அதற்காகக் காத்திருக்கவே கூடாது.

எடையைப் பார்க்காமல் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு அதே வயதினரின் நடுவாந்தர பிஎம்ஐயோடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒப்பிட்டு, சதவீதமாகப் பார்ப்போம். ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் என்ற மனநல மருத்துவர்களின் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியின் ஆபத்து அட்டவணையில், அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்து. ஆனால் அதே அட்டவணையில் வேறு சிவப்புகளும் இருக்கின்றன. விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40க்குக் கீழே இருப்பது ஒன்று. ஊட்டம் குறைந்த பிள்ளை தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு கிலோவோ அதற்கு மேலோ இழப்பது இன்னொன்று. மல்லாக்கப் படுத்த நிலையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரவோ, குந்தி உட்கார்ந்து கை உதவியில்லாமல் எழவோ முடியாவிட்டால் அதுவும் கணக்கில் வரும். எடை இதில் ஒரு வரிதான்.

ஏன் அப்படி? உணவு வராதபோது உடம்பு செலவைக் குறைக்கும். துடிப்பு மெதுவாகும், உடல் சூடு குறையும், மாதவிடாய் நின்றுபோகும். இதயமும் தசைதானே, அதுவும் மெலியும். கொஞ்சம் பருமனாக இருந்த பிள்ளை வேகமாக இளைத்தாலும் இதெல்லாம் நடக்கும், அப்போது அவளுடைய எடை 'நார்மல்' என்றே காட்டும். மெல்பர்ன் ராயல் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிட்டல் மருத்துவர்கள் 2014இல் இதை எழுதினார்கள். உணவைக் கட்டுப்படுத்தும் நோயால் அங்கே சேர்க்கப்பட்ட பதின்வயதினரில், எடை குறைவாக இல்லாதவர்களின் பங்கு 2005இல் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2009இல் கிட்டத்தட்டப் பாதி. மெதுவான துடிப்பு, இரத்தத்தில் பாஸ்பேட் (இதயமும் தசைகளும் இயங்கத் தேவையான தாது உப்பு) குறைவு போன்ற சிக்கல்கள் அவர்களுக்கும் எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன.

அதனால் இன்றைய எடையைவிட, எங்கிருந்து எவ்வளவு வேகமாக இறங்கினாள் என்பதைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து வளர்ச்சி அட்டவணையில் 75ஆவது கோட்டை (அதே வயதில் நூற்றில் 75 பேரைவிட அதிகம் என்று காட்டும் கோடு) ஒட்டி வளர்ந்த பிள்ளை இன்று 25இல் நின்றால், அது நார்மல் இல்லை, பெரிய வீழ்ச்சி. பழைய எடைக் குறிப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

வார்டில் என்னைக் கவலைப்பட வைக்கும் ஒரு பேச்சு உண்டு: "அவள் ஓட்டக்காரி, அதான் பல்ஸ் குறைவு." படுத்திருக்கும்போது 45 காட்டும் மானிட்டர், எழுந்து நின்ற இரண்டு நிமிடத்தில் 90ஐத் தாண்டும். பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், விரல்கள் ஐஸாக இருக்கும். நல்ல பயிற்சியில் இருக்கும் உடம்பு இப்படித் தடுமாறாது. இரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டதே என்றும் ஆறுதல் கொள்ள வேண்டாம். கடைசிக் கட்டம் வரை அது சரியாகவே வரலாம்.

சேர்த்த பிறகு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பட்டினி கிடந்த உடம்புக்கு உணவு வந்ததும் இன்சுலின் ஏறும், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் போய்விடும். அது சட்டென்று இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து. அதனால்தான் முதல் சில நாட்கள் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள், பயப்படாதீர்கள். இந்தப் பயத்திலேயே முன்பெல்லாம் மிகக் குறைவாக உணவு கொடுத்து ஆரம்பித்தார்கள், அதில் பிள்ளைகள் இன்னும் இளைத்ததுதான் மிச்சம். கலிபோர்னியாவில் இரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட சோதனையில், தாராளமாக ஆரம்பித்தவர்கள் மூன்று நாள் முன்னதாகவே நிலைக்கு வந்தார்கள். பாஸ்பேட் சிக்கலும் கூடவில்லை.

உடம்பு நிலைக்கு வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள், நோய் அதோடு போகாது. 18 வயதுக்குக் கீழே என்றால் முதலில் தருவது குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை. என்ன, எவ்வளவு என்று கொஞ்ச காலம் நீங்கள்தான் முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டியிருக்கும். கடினமான வேலை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் "ஒல்லியாகி அழகாயிட்டா" என்று அவள் முன்னால் சொல்ல வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

நாளைக்கே ஜிபியிடம் திரும்பப் போங்கள். படுத்தும் நின்றும் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் சூடு, இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். உணவுக் கோளாறுகளுக்கான குழந்தைகள் சேவைக்கு அன்றே அனுப்பச் சொல்லுங்கள். பிஎம்ஐ ஒன்றை மட்டும் வைத்துச் சிகிச்சை தருவதா என்று முடிவு செய்யக் கூடாது என்று நைஸ் என்ற, இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் அமைப்பின் 2017 வழிகாட்டி சொல்கிறது, அதை எடுத்துக் காட்டுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, உயிரை விடுவது பற்றிப் பேசினாலோ ஜிபிக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் 999ஐ அழையுங்கள்.