பின்காலின் முழங்கால்

அன்புள்ள ஐயா,

அலைச்சறுக்கு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது 38. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் வேலை. ஓராண்டாக ஞாயிறுதோறும் கோவளம் வந்து பழகுகிறேன். உடைந்து நுரைத்து வரும் நுரை அலையில் எழுந்து நின்றுவிடுகிறேன். உடையாத அலையில் மட்டும் இரண்டு மூன்று நொடிக்குள் விழுந்துவிடுகிறேன். ‘குனி, இன்னும் குனி’ என்கிறார்கள். குனிந்தால் முதுகு வலிக்கிறது, விழுவது குறையவில்லை. மனைவி எடுத்த காணொளியை இணைத்திருக்கிறேன். ஏழரை அடிப் பலகையைக் கொடுத்துவிட்டு ஆறடிப் பலகை வாங்கினால் எளிதாகத் திரும்பலாம் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

க., மேடவாக்கம்

அன்புள்ள க.,

பலகையை விற்காதீர்கள். ஆறடிப் பலகைக்கு மிதப்பு குறைவு. எவ்வளவு துழாவினாலும் அது சீக்கிரம் வேகம் எடுக்காது. அலையைத் தாமதமாகப் பிடிப்பீர்கள், அதற்குள் அலை செங்குத்தாகியிருக்கும். இன்று உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நொடிகளும் போய்விடும்.

காணொளியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உங்களைக் குனியச் சொன்னவர்களின் எண்ணம் சரி, சொன்ன சொல்தான் தவறு. குனிவது இடுப்புக்கு மேலே நடக்கிற காரியம். உங்களுக்கு வேண்டியது தாழ்வது. அது முழங்காலிலும் கணுக்காலிலும் நடக்க வேண்டும். காணொளியில் உங்கள் கால்கள் இரண்டும் ஏறக்குறைய நேராக நிற்கின்றன, முதுகு மட்டும் வளைந்திருக்கிறது. தலை பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. மனிதத் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. அந்த எடை விளிம்புக்கு வெளியே தொங்கினால் பலகை அந்தப் பக்கம் சாயத்தானே செய்யும்? முதுகுவலிக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முழங்கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்வையெல்லாம் உங்கள் இடுப்பு வாங்குகிறது.

அடுத்த ஞாயிறு கடலில் இறங்குவதற்கு முன் அரைமணி நேரம் கரையில் நில்லுங்கள். மீன்பிடித்துத் திரும்பும் ஃபைபர் படகுகளில் பின்னால் நின்று எஞ்சினைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள். அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது படகு எழும்பி விழுகிறது. அவருடைய முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கின்றன, தலை மட்டும் கயிறு கட்டி இழுத்ததுபோல ஒரே மட்டத்தில் வருகிறது. அவர் படகைப் பார்ப்பதில்லை, கரையில் தான் சேர வேண்டிய இடத்தைப் பார்க்கிறார். கோவளத்து மீனவப் பிள்ளைகள் பலகையில் ஏறிய சில நாட்களிலேயே நம்மைவிட நன்றாக நிற்பதைக் கண்டு பலர் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. பலகைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கால்கள் பல ஆண்டுகள் கடலில் நின்றவை.

உங்கள் நிலையில் நான் முதலில் மாற்றச் சொல்வது பின்காலின் முழங்காலை. இப்போது இரண்டு முழங்கால்களும் ஆளுக்கொரு பக்கமாக வெளியே விரிந்திருக்கின்றன, மல்யுத்தத்துக்கு நிற்பவரைப்போல. பாதங்களுக்கு நடுவிலும் அகலம் அதிகம். அப்படி நின்றால் பலமாக நிற்பதாகத் தோன்றும், ஆனால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். மார்பு பலகையின் பக்கவாட்டைப் பார்த்தபடி உறைந்துவிடும். அப்புறம் எந்தப் பலகையும் திரும்பாது, அது ஐந்தடியாக இருந்தாலும். பாதங்களைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் வையுங்கள். முன்பாதம் பலகையின் நடுப்பகுதியில், கொஞ்சம் முன்னோக்கிச் சாய்வாக. பின்பாதம் குறுக்காக. பின்கால் முழங்கால் முன்காலை நோக்கி உள்ளே மடங்கட்டும். பின்குதிகால் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை. முழங்காலை மட்டும் திருகாதீர்கள், தொடையை இடுப்பு மூட்டிலிருந்து திருப்புங்கள். வலித்தால் உடனே விட்டுவிடுங்கள். அந்த முழங்கால் உள்ளே வந்ததுமே இடுப்பு முன்னால் திரும்பும், மார்பும் கூடவே திரும்பும். இரண்டு கைகளும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்துவிடும்.

பார்க்க அழகாக இருக்குமா என்று கவலைப்படாதீர்கள். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸ், முழங்கால்களை உள்ளே மடக்கி, கைகளை இறக்கைபோல விரித்து நிற்பவர். அடிபட்ட கடற்பறவை என்றே அந்த நிலைக்குப் பெயர் வைத்தார்கள். அந்த நிலையில்தான் அவர் நான்கு பட்டங்களையும் வென்றார்.

இன்னொன்று கேட்கிறேன். குதிகால் தரையில் பதிய உங்களால் குத்தவைத்து உட்கார முடிகிறதா? நம் பாட்டிமார் அரிவாள்மணை முன்னும் துணி துவைக்கும் கல் முன்னும் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்தார்கள். நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்தபின் அந்த வழக்கம் நம் வீடுகளிலிருந்து போய்விட்டது, கூடவே கணுக்காலின் இளக்கமும் போனது. கணுக்கால் இறுகியிருந்தால் முழங்கால் முன்னே போகாது. முழங்கால் போகாதபோது முதுகுதான் வளையும். உங்கள் சிக்கலின் வேர் கடலில் இல்லை, அலுவலக நாற்காலியில் இருக்கிறது என்று நான் உறுதியாகவே நம்புகிறேன். தினமும் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் குத்தவைத்து உட்காருங்கள். முழங்காலில் பழைய அடி ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எழும் விதத்தையும் சொல்ல வேண்டும். காணொளியில் நீங்கள் பலகையின் விளிம்புகளைக் கையால் பற்றிக்கொண்டு எழுகிறீர்கள். ஒரு கை சற்று அதிகமாக அழுத்தினாலும் பலகை அந்தப் பக்கம் சரியும். உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் பலகையின் மேல் தட்டையாகப் பதித்து அழுத்தி எழுங்கள். நுரை அலை தன் போக்கில் உங்களைத் தள்ளிக்கொண்டு போவதால் மெதுவாக, முழங்காலில் நின்று எழ நேரம் இருக்கிறது. உடையாத அலை அந்த நேரத்தைத் தராது. பாதங்கள் ஒரே அசைவில் தம் இடத்துக்கு வந்தாக வேண்டும். நின்றபின் பாதங்களை நகர்த்திச் சரிசெய்வதற்குள் அலை போய்விடும். வீட்டுத் தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதன்மேல் படுத்து எழுந்து பழகுங்கள். ஒவ்வொரு முறையும் பாதத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டின்மேல் விழ வேண்டும். கண் தரையைப் பார்க்கக் கூடாது, எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் என் பாதங்களையே பார்த்துக்கொண்டு விழுந்தேன். என்னைவிடப் பாதி வயதுள்ள ஒரு மீனவப் பையன், பலகை எங்கேயும் போகாது, போகிற இடத்தைப் பாருங்கள் அண்ணா என்றான். அன்று மாலையே அலையின் தோளில், அதாவது இன்னும் உடையாத அதன் பக்கவாட்டுச் சரிவில், நெடுந்தூரம் போனேன். அந்த அலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

வரும் ஞாயிறு, பாதம் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகைப் புதிதாகத் தேய்த்துக்கொண்டு இறங்குங்கள். கரையேறியதும் வெயிலில் மெழுகு உருகுவதற்கு முன் அதன் தடங்களைப் பாருங்கள். நடுவில் இரண்டு வட்டமாக மெழுகு வழுவழுத்திருந்தால் இன்னும் முழங்காலில்தான் எழுகிறீர்கள். பாதத் தடம் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் விழும் பக்கமும் அதுவாகவே இருக்கும். அந்தத் தடங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். காணொளியைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.