கடல் கடக்கும் லீக்கில் சேமலாப நிதியைப் போடலாமா?

கேள்வி: சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். வயது 56. ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியுமாக 44 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. வேறு ஓய்வூதியம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மகளின் கல்யாணத்தைச் செய்ய வேண்டும். இளவயதில் என்னோடு பந்து விளையாடிய நண்பர் ஒருவர், வடக்கு கிழக்கிலிருந்து நான்கு அணியும் தமிழ்நாட்டிலிருந்து நான்கு அணியும் ஆடும் உதைபந்தாட்ட லீக் ஒன்று வரப்போகிறது என்கிறார். திருகோணமலை அணியில் ஒரு பங்கு 5 இலட்சம். வருடத்துக்கு 24 சதவீதம் உறுதியாம். 120 பேர் சேர்ந்துவிட்டார்களாம். என்னை நான்கு பங்கு எடுக்கச் சொல்கிறார். நான் ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு 25,000 தருவார்களாம். இடம் பிடித்து வைக்க 50,000 கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு லீக் நடக்குமா? மிச்சக் காசைப் போடலாமா?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: போட வேண்டாம் ஐயா. கொடுத்த ஐம்பதாயிரத்தையும் திருப்பிக் கேளுங்கள். லீக் நடக்குமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் சொல்வது முழுக்க ஆகாத கதை இல்லை.

எல்லை கடந்து ஆடும் கழகங்கள் உலகத்தில் நிறையவே உண்டு. வேல்ஸ் நாட்டுக் கார்டிப்பும் ஸ்வான்சியும் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன. லிக்டன்ஸ்டைனின் வாடூஸ் சுவிஸ் லீக்கில் ஆடுகிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் 2007 முதல் அவுஸ்திரேலிய லீக்கில். வட அயர்லாந்தின் டெரி நகரக் கழகத்தின் கதை எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். கலவரக் காலத்தில் அந்த ஊருக்கு வந்து ஆட மற்ற அணிகள் மறுத்தன. கழகம் 1972-இல் தன் லீக்கை விட்டு விலகி, 1985-இல் எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் ஆடுகிறது.

ஆனால் இவை எல்லாமே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லீக்கில் போய் ஏறிக்கொண்ட கழகங்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம், நடுவர்கள், பார்வையாளர் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. உங்கள் நண்பர் சொல்வது வேறு. இரண்டு பக்கமும் சேர்ந்து புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டியவற்றின் சரித்திரம் அவ்வளவு நல்லாயில்லை. டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றும் சேர்ந்து 2004-இல் றோயல் லீக் என்று ஒன்றைத் தொடங்கின. பணக்கார நாடுகள், பேர்பெற்ற கழகங்கள். குளிர்காலத்தில் மைதானத்துக்குச் சனம் வரவில்லை, தொலைக்காட்சிப் பணமும் ஒத்துவரவில்லை, மூன்று பருவத்தோடு முடிந்தது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2012-இல் தொடங்கிய பெண்கள் லீக்கும் மூன்றே பருவம்தான். 2015-க்குப் பிறகு இரண்டு நாடும் தனித்தனி லீக்குக்குத் திரும்பிவிட்டன.

இனி எங்கள் கணக்கைப் பார்ப்போம். எட்டு அணி என்றால் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம். ஏழு ஊரில், ஏழு வெளியில். வெளியில் ஆடுவதில் நான்கு தமிழ்நாட்டில். ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டத்தை முடித்தாலும் இரண்டு தடவை கடல் கடக்க வேண்டும். வீரர்களும் பயிற்றுநர்களுமாக 30 பேர். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போய்வர ஆளுக்கு 50,000 என்று வையுங்கள், 15 இலட்சம். ஐந்து இரவுக்கு 15 அறை, அறைக்கு 15,000 என்றால் பதினொன்றேகால் இலட்சம். சாப்பாடும் உள்ளூர் வாகனமும் 6 இலட்சம். ஒரு பயணம் 32 இலட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் 65. இருபத்தைந்து வீரர்களுக்கு மாதம் 60,000 வீதம் ஆறு மாதச் சம்பளம் 90 இலட்சம். பயிற்றுநர், உடற்சிகிச்சையாளர், பந்து, சப்பாத்து என்று 20. ஆக ஒன்றே முக்கால் கோடி. இதில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பஸ் செலவைக்கூட நான் சேர்க்கவில்லை.

வருமானம் என்ன? ஏகாம்பரம் மைதானத்தில் ஆட்டத்துக்கு 3,000 பேர், நுழைவுச்சீட்டு 300 ரூபாய். தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன். ஓசியில் பந்து பார்த்துப் பழகிய ஊர் இது, உங்களுக்குத் தெரியாததா. ஏழு ஆட்டத்துக்கு 63 இலட்சம் வரும். இப்போது அந்த 24 சதவீதத்தை எடுங்கள். 120 பேர் ஆளுக்கு 5 இலட்சம் போட்டாலே 6 கோடி. அதற்கு வருடம் 1 கோடியே 44 இலட்சம் கொடுத்தாக வேண்டும். செலவோடு இதையும் கூட்டி வருமானத்தைக் கழித்தால் இரண்டரைக் கோடிக்கு மேல் துண்டு விழுகிறது. அதை அனுசரணையாளரும் தொலைக்காட்சியும் தர வேண்டும். தருவார்களா? 140 கோடிச் சனமுள்ள இந்தியாவிலேயே, 2014-இல் தொடங்கிய அவர்களின் சூப்பர் லீக், ஒளிபரப்பு உட்பட வர்த்தக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் இடைநிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் கழகமும் அதில்தான் ஆடுகிறது.

செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயணச் செலவு, அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக் காசு என்பதையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360-ஐத் தொட்டது. நுழைவுச்சீட்டை 300-இலிருந்து 540 ஆக்கினால் நிலாவெளியிலிருந்து யார் பஸ் ஏறி வருவார்?

காசு எல்லாம் சரியாக அமைந்தாலும் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனமும், ஆசியச் சம்மேளனமும், உலக அமைப்பான பீபாவும் சம்மதிக்காமல் எல்லை கடந்த லீக்கை நடத்த முடியாது. எங்கள் சம்மேளனத்தையே பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை இலங்கைக் கழகம் எதுவும் சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. இந்தியச் சம்மேளனமும் 2022 ஓகஸ்டில் பத்துப் பதினொரு நாள் அதே தண்டனையில் இருந்தது. எங்களுக்கு வந்த மாதிரி ஏழு மாதத் தடை இன்னொன்று வந்தால் உங்கள் வட்டியை யார் தருவார் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். அரசியலும் இருக்கிறது. 2012-இல் சென்னைக்கு நட்பு ஆட்டம் ஆடப்போன கொழும்புப் பாடசாலை அணியைத் தமிழக அரசு திருப்பி அனுப்பியது. மைதானம் கொடுத்த அதிகாரியை வேலையிலிருந்தும் இடைநிறுத்தியது. அடுத்த வருடம் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது, கப்பலும் விமானமும் ஓடுகின்றன. ஆனாலும் ஒரு தேர்தல் வந்தால் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் தர ஆளில்லை.

லீக்கை விடுங்கள், நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பத்திரம்தான் எனக்கு அதைவிடப் பயத்தைத் தருகிறது. துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் “உறுதியான 24%”. பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கலாம், “இலாபம் ஏற்படும் பட்சத்தில்” என்று இருக்கிறது. பற்றுச்சீட்டில் கம்பனிப் பதிவிலக்கம் இல்லை. காசு போன வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில்.

2007-ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி ஒரு தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது, ஊழியர் அல்லாத பங்குதாரர் 50 பேருக்கு மேல் போகவும் கூடாது. 120 பேர் சேர்ந்தாயிற்று என்றால் நீங்கள் எல்லோரும் பங்குதாரர்தானா? பங்கில்லை, உறுதியான வட்டிக்கு வாங்கிய காசு என்று சொன்னால், உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு எடுப்பது 2011-ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டப்படி குற்றம். எந்தப் பக்கத்தால் போனாலும் இடிக்கிறது. ஆள் சேர்த்தால் 25,000 என்பது இன்னும் மோசம். புதிதாகச் சேரும் ஆளின் காசில் ஓடும் பிரமிட் திட்டத்தை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. நடத்துகிறவரோடு ஊக்குவிக்கிறவரும் அதில் மாட்டலாம். உங்கள் மச்சானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நாளைக்கு அவருக்கும் பொலிசுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நண்பர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரும் காசு போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இப்படியான விசயங்களில் ஊருக்குள் ஓடித்திரிகிறவர் பெரும்பாலும் முதலில் நம்பியவர்தான்.

44 இலட்சத்துக்கு வாருங்கள். கல்யாணத்துக்கு என்று ஒதுக்குவதை வீட்டில் பேசி முடிவெடுத்து, அதை ஒரு வருட நிலையான வைப்பில் தனியாகப் போடுங்கள். மிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். வங்கி முறிந்தால் ஈடு தரும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரைதான். இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து, ஒன்றில் வட்டியை மாதாமாதம் வாங்குகிற மாதிரி வைத்தால் வீட்டுச் செலவு ஓடும். கொஞ்சத்தைத் திறைசேரி உண்டியலிலும் (அரசாங்கம் வாங்கும் குறுங்காலக் கடன்) போடலாம், வங்கிக் கிளையிலேயே கேளுங்கள். வட்டியில் 10 சதவீத வரி பிடிப்பார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வரி இலக்கத்தோடு பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இந்தப் படிவத்தைப் பற்றி வங்கியில் தாங்களாகச் சொல்லுவது குறைவு, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பந்தாட்ட ஆசை விடாவிட்டால், உங்கள் பழைய கழகத்தின் சிறுவர் அணிக்கு ஒரு வருடச் சப்பாத்தும் பந்தும் வாங்கிக் கொடுங்கள். ஒரு இலட்சத்துக்குள் முடியும். அதைத் திரும்பி வராத காசு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்பதை வாய்ப்பேச்சில் விட வேண்டாம். கொடுத்த திகதி, தொகை, கணக்கிலக்கம் மூன்றையும் எழுதி, 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். தபால் சிட்டையையும் வங்கிச் சிட்டையையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். தவணைக்குள் வராவிட்டால் அந்தக் கட்டோடு பொலிசில் முறைப்பாடு செய்து, மத்திய வங்கிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.