பாலாற்றில் வெள்ளம் வந்தும் கோடையில் ஏன் சொட்டுத் தண்ணீர் இல்லை? மழை எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது?

மழை ஆற்றுக்கு மூன்று வழியில் வரும். நிலத்தின் மேல் வழிந்து வருவது. மேல்மண்ணுக்குள் சரிவோடு நழுவி வருவது. ஆழமாக இறங்கி, நிலத்தடி நீராகி, ஆற்றங்கரையின் அடியில் கசிவது. கோடையில் ஆற்றை ஓட வைப்பது மூன்றாவதுதான். பாலாற்றில் அறுந்துபோனதும் அதுதான்.

மண் உறிஞ்சுவதைவிட வேகமாக மழை பெய்தால் மிச்சம் வழியும். மணல் மணிக்கு 25 மி.மீ.க்கு மேல்கூட உறிஞ்சும், களிமண் 5 மி.மீ. உறிஞ்சினாலே அதிகம். மணிக்கு 40 மி.மீ. கொட்டினால் களிமண் நிலத்தில் ஹெக்டேருக்கு 3.5 லட்சம் லிட்டர் வழிந்தோடும். ஏற்கெனவே ஊறிய மண்ணில் தூறலும் வழியும்; கார்த்திகை மழை சட்டென்று வெள்ளமாவது அதனால்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டதில் பெரும்பங்கு இப்படி வந்த தண்ணீர். வந்த வேகத்தில் கடலுக்கும் போய்விடும்.

நிலத்தடியில் கதை வேறு. 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள மணலில் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சாண்கூட நகராது. கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இறங்கிய மழை ஆற்றைத் தொட இரண்டு வருடம் ஆகலாம். இந்தத் தாமதம்தான் நமக்குச் சேமிப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை: கரையோர நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட மேலே இருக்க வேண்டும். கீழே போனால் ஓட்டம் திரும்பிவிடும், ஆறுதான் நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கும். பாலாற்று மணலில் ஊறிய நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் பல. மணலை அள்ளியதில் படுகை தாழ்ந்தது, அதோடு கரையோர நீரும் வடிந்து இறங்கியது. போர்வெல்கள் அதற்கும் கீழே இழுத்தன. கரைக்கு அப்பால் பாறை நிலம். அங்கே தண்ணீர் தங்க 100-க்கு 2 பங்குதான் இடம். 100 மி.மீ. மழை உள்ளே இறங்கினால் கிணறு 5 மீட்டர் ஏறும். அதே அளவை இறைத்தால் 5 மீட்டர் இறங்கும்.

உங்கள் ஊர் ஆறு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கரையை ஒட்டிய கிணற்றில், மோட்டாரை ஓர் இரவு நிறுத்திவைத்து, விடியலில் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கொத்தனாரின் லெவல் டியூப்பால் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய குழாய்) கிணற்று விளிம்பையும் படுகையையும் ஒப்பிடுங்கள். மோட்டார் ஓடும்போது அளந்தால் கணக்குத் தப்பும். கிணற்று நீர் படுகையைவிட ஒரு மீட்டர் மேலே நின்றால் அந்தப் பக்கக் கரையடி மணலில் கையால் பள்ளம் பறித்துப் பாருங்கள், பக்கவாட்டில் கசிந்து நிறையும்.