மாலையானால் கடிக்கும் குட்டி

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டரை மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வளர்கிறது. 35 நாள் குட்டியாக உறவினர் வீட்டிலிருந்து தூக்கி வந்தோம். பகலில் சாதுவாக இருக்கிறது. மாலையானால் என் ஆறு வயது மகளின் பாவாடையைப் பிடித்துத் தொங்குகிறது. அவள் கையிலும் கணுக்காலிலும் பல் தடம். மூக்கில் சுண்டினால் அடங்கும் என்கிறார் மாமனார். சுண்டினால் இன்னும் பாய்கிறது. கடிநாயாக வளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பயிற்சியைப் பிறகு பேசுவோம். முதலில் மகளின் கை. பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், ரத்தம் வராவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பழைய கீறல்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. உங்கள் குட்டி இன்னும் அந்த வயதை எட்டவில்லை. ‘வீட்டுக் குட்டிதானே’ என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இனி குட்டிக்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது விளையாட்டுக் கடி. குட்டிக்குக் கை கிடையாது. எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்கிறது. எங்கள் தெருவில் மணல் குவியலருகே ஐந்து குட்டிகள் கட்டிப் புரளுவதைப் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்று மற்றதன் காதை அழுத்திக் கடிக்கும். கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். கடித்தது திகைத்து உட்காரும். சற்று நேரம் கழித்துக் கிட்டே போய், இந்த முறை மெதுவாக வாய் வைக்கும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாயும் எழுந்து நடந்துவிடும். ஐந்து முதல் எட்டு வாரம் வரை இந்தப் பாடம் மும்முரமாக நடக்கும். எட்டு வாரம் நிறையாத குட்டியை வளர்ப்போர் விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. உங்கள் குட்டி ஐந்தாம் வாரத்திலேயே பிரிந்து வந்துவிட்டது. விட்டுப்போன பாடத்தை இப்போது நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

கடித்ததும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பால்பற்கள் ஊசி போன்றவை, இழுத்தால் தோல் கிழியும். அசையும் கை குட்டிக்கு இரையாகவும் தெரியும். கையைத் தளர விடுங்கள். ‘ஆ’ என்று ஒரே முறை சொல்லி, எழுந்து முதுகைக் காட்டுங்கள். கத்தினால் சில குட்டிகளுக்கு உற்சாகம் கூடும், ஆகவே சத்தம் வேண்டாம். பின்னாலேயே வந்து காலைக் கவ்வினால் கதவுக்கு அந்தப் பக்கம் போய் இருபது விநாடி நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வாருங்கள். மெதுவாக வாய் வைத்தாலோ, பொம்மையைக் கவ்வினாலோ தடவிக் கொடுத்துப் பாராட்டுங்கள். முதல் சில நாள் வலிக்கும் கடிக்கு மட்டும் இதைச் செய்து, பிறகு பல் பட்டாலே விளையாட்டு முடிந்தது என்று கொண்டுவரலாம். ஒரு நாளில் முப்பது முறைகூட எழுந்து போக வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் விலக, இன்னொருவர் கையைக் கொடுத்து விளையாட்டுக் காட்டினால் குட்டிக்கு எதுவும் புரியாது. மாமனாரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சுண்டுவதை அது விளையாட்டு என்று எண்ணித்தான் பாய்கிறது. பலமாகச் சுண்டினால் முகத்தருகே வரும் கையைக் கண்டே மிரளும். நாளை அங்கே வரப்போவது உங்கள் மகளின் கைதான்.

மகளுக்கு இந்தப் பயிற்சிப் பொறுப்பு வேண்டாம். சிப்பிப்பாறை முயல் விரட்டிய வேட்டை இனம். ஓடும் பாவாடை விளிம்பு அதன் கண்ணுக்கு முயல்தான். குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளைக் கட்டிக்கொண்டு பனைமரம்போல் நிற்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். குட்டி இல்லாதபோது இதையே ஒரு விளையாட்டாகப் பழக்கிவிட்டால் சமயத்தில் கைகொடுக்கும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடவே கூடாது.

மாலையில் மட்டும் ஏன் கடிக்கிறது? தூக்கம் போதாமல் இருக்கலாம். இந்த வயதுக் குட்டி நாளில் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளி விட்டு மகள் வந்ததும் வீடு கலகலப்பாகிவிடும். குட்டி தூங்காமல் சுற்றும். அலுத்துப்போன குழந்தை சிணுங்குவதுபோல் இது கடிக்கும். ஐந்தரை மணிவாக்கில் ஓர் அமைதியான அறையில் சாக்கை விரித்துப் படுக்க விட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். என்னிடம் வரும் பல வீடுகளில் மாலைக் கடி இதிலேயே பாதி குறைந்திருக்கிறது.

நான்கு மாதமானதும் பால்பற்கள் 28-ம் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அப்போது ஈறு நமநமக்கும், கண்டதையும் மெல்லும். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்ததற்குத் திட்டாதீர்கள், அதற்கு இரண்டும் ஒன்றுதான். வேகவைத்த கோழி எலும்பு கூடாது. சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நாம் போடும் வலி மாத்திரையும் கூடவே கூடாது.

விளையாடும் குட்டியின் உடம்பு தளர்வாக, துள்ளலாக இருக்கும். சோற்றுத் தட்டருகே யாராவது போனால் உடம்பு விறைத்து, அசையாமல் முறைத்து உறுமினால் அது வேறு விஷயம். அந்த நேரத்தில் தட்டைப் பிடுங்காதீர்கள், உறுமியதற்காக அடிக்கவும் செய்யாதீர்கள். மகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.